மூணாவது எல்இடி மட்டும் எரியல. எலக்ட்ரானிக்ஸைக் கையால் பழக எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கேள்வி: சேலத்துப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். இசிஇ முதல் வருஷம், இரண்டாவது செமஸ்டர். பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். தியரி பரவாயில்லை, மார்க் வந்துவிடுகிறது. டயோடு கேரக்டரிஸ்டிக்ஸ் கிராஃபைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். ஆனால் ஒரு டயோடைக் கையில் கொடுத்து இது நல்லா இருக்கா, போயிருச்சா என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். லேபில் நாலு பேருக்கு ஒரு டிரெய்னர் கிட். ஒருத்தன் வயர் குத்துவான், ஒருத்தன் ரீடிங் சொல்லுவான், ஒருத்தன் போன் பார்ப்பான். கையெழுத்து நன்றாக இருக்கிற பாவத்துக்கு அப்சர்வேஷன் நோட்டு எப்போதும் என் தலையில்தான்.

சீனியர்கள் சொல்கிறார்களே என்று ஆர்டுயினோ உனோ (புரோகிராம் போட்டு ஓட்டுகிற சின்ன போர்டு) ஒன்று வாங்கினேன். நெட்டில் இருக்கிற கோடைப் போட்டால் ஓடுகிறது. ஏன் ஓடுகிறது என்று தெரியவில்லை. அதனால் அதை எடுத்து வைத்துவிட்டு, புரோகிராமே இல்லாமல் வீட்டு மேல்தொட்டிக்கு ஒரு வாட்டர் லெவல் இண்டிகேட்டர் செய்யலாம் என்று இறங்கினேன். அப்பா மோட்டரைப் போட்டுவிட்டுப் பேப்பரில் மூழ்கிவிடுவார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டால்தான் தொட்டி நிரம்பியது தெரியும்.

சர்க்யூட் இதுதான். 12 வோல்ட் ரவுட்டர் அடாப்டர். மூன்று பிசி547 டிரான்சிஸ்டர். ஒவ்வொரு கலெக்டருக்கும் பாசிட்டிவிலிருந்து 1கே (1,000 ஓம்) ரெசிஸ்டர், ஒரு எல்இடி. எமிட்டர் மூன்றும் நெகட்டிவுக்கு. பேஸில் 10கே, அதிலிருந்து ஒரு வயர் தண்ணீருக்குள் அதனதன் உயரத்துக்கு. பாசிட்டிவிலிருந்து ஒரு வயர் அடிமட்டத்துக்கு. ஹாஸ்டல் பக்கெட்டில் போர் தண்ணீர் பிடித்துச் சோதித்தேன். பச்சை எரிகிறது, மஞ்சள் எரிகிறது, சிவப்பு எரியவே மாட்டேன் என்கிறது. எல்இடியை மாற்றினேன், டிரான்சிஸ்டரை மாற்றினேன், 10கே-வையும் மாற்றினேன். அப்படியேதான் இருக்கிறது.

இடம் பத்தாமல் மூன்றாவது ஸ்டேஜை, அதாவது சிவப்பு எல்இடி பகுதியை, பிரெட்போர்டின் (ஈயம் வைக்காமல் பார்ட்டைக் குத்தி இணைக்கிற ஓட்டைப் பலகை) வலது கோடியில் குத்தியிருக்கிறேன். அந்தப் பக்கம் சிவப்புக் கோட்டு ஓட்டை லூசாக இருந்ததால் பாசிட்டிவை மட்டும் அடாப்டர் முனையிலிருந்தே நீள வயரில் எடுத்தேன். எமிட்டர் நெகட்டிவான நீலக் கோட்டில்தான் இருக்கிறது.

இது ஒரு கேள்வி. இன்னொன்று, என்னை மாதிரி ஆள் பிராக்டிக்கலாக எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்? கையில் 2,000 ரூபாய் வரை இருக்கிறது.

பதில்: கணபதி ஸ்டெபிலைசர்

தம்பி, முதல்ல பார்ட்டை மாத்தறதை நிறுத்துங்க. நான் கோயமுத்தூர் கணபதியில யுபிஎஸ், ஸ்டெபிலைசர், லேத்து டிரைவ் போர்டெல்லாம் சர்வீஸ் பண்றவன். பட்டறைக்கு வேலை பழக வர்ற பசங்க, டிப்ளமோவோ பிஇயோ, அத்தனை பேரும் இதேதான். எரியலைன்னா டிரான்சிஸ்டரை மாத்து, அப்பவும் எரியலைன்னா எல்இடியை மாத்து. மாத்தி மாத்தி நல்லா இருந்த பார்ட்டும் கால் ஒடிஞ்சு போயிரும், கோளாறு மட்டும் இருந்த இடத்துலயே இருக்கும்.

மீட்டர் இருக்குதுங்களா? இல்லைன்னா அந்த 2,000த்துல முதல் செலவு அதுதான். மஞ்சக் கலர்ல சின்னதா 830ன்னு ஒரு மாடல் வரும், எரநூறு முன்னூறு ரூபாய்ப் பக்கம். இப்போதைக்கு அது தாராளம்.

இப்படி அளங்க. கறுப்பு வயர் காம் ஓட்டையில, சிவப்பு வோல்ட் ஓட்டையில. பக்கத்துல 10 ஏ-ன்னு இன்னொரு ஓட்டை இருக்கும். சிவப்பு அதுல கிடக்கும்போது வோல்ட் அளந்தா சப்ளையையே ஷார்ட் பண்ணின கணக்கு. சின்ன மீட்டர் நிறையத்துல அந்த ஓட்டைக்கு ஃப்யூஸே கிடையாது, பக்கத்துலயே எழுதியிருப்பான். மீட்டரை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் சிவப்பு எந்த ஓட்டையில இருக்குன்னு கண்ணு தானாப் போகணும்.

டிசி 20 வோல்ட் ரேஞ்சு. கறுப்பு முனையை அடாப்டர் நெகட்டிவுல ஒரு முதலைக் கிளிப் போட்டு மாட்டிருங்க, அதை எடுக்கவே வேண்டாம். பக்கெட்டுல மூணு வயரும் முங்கற அளவுக்குத் தண்ணி. சிவப்பு முனையால முதல் ஸ்டேஜ், அதாவது நல்லா எரியற பச்சையோட டிரான்சிஸ்டர்ல மூணு காலையும் அளந்து எழுதுங்க. அப்புறம் எரியாததுல மூணு காலும். பிசி547-ல தட்டை முகம் உங்களைப் பாக்க, கால் கீழே இருக்கற மாதிரி பிடிச்சா இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். கடைக்காரர் 2என்3904 குடுத்திருந்தா அப்படியே தலைகீழ். தலையில எழுத்து என்னன்னு போன் டார்ச்சுல பாத்துக்குங்க.

ஆறு நம்பர் வேணும். அதைப் போடுங்க, மிச்சம் பேசலாம்.

சேலத்துப் பையன்

நன்றிங்கண்ணா. பக்கத்து ரூம் அண்ணனிடம் மீட்டர் வாங்கி அளந்தேன். எழுத்து பிசி547பி என்றுதான் இருக்கிறது.

பச்சை: கலெக்டர் 0.1, பேஸ் 0.7, எமிட்டர் 0.
சிவப்பு: கலெக்டர் 10.8, பேஸ் 11.3, எமிட்டர் 10.9.

சிவப்பில் மூன்று காலிலும் வோல்டேஜ் நன்றாக வருகிறதே, பிறகு ஏன் எரியவில்லை?

கணபதி ஸ்டெபிலைசர்

நல்லா வரல தம்பி, வரக்கூடாத இடத்துல வருது. பேஸ் 11.3ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, கேஸ் அங்கயே முடிஞ்சுது.

பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவுல ஒரு டயோடு இருக்குன்னு படிச்சிருப்பீங்க. நீங்க தூக்கத்துல வரையற அதே கிராஃபுதான். எமிட்டர் கிரவுண்டுல, அதாவது நெகட்டிவுல, இருந்தா பேஸ் 0.7ஐத் தாண்டி ஏற முடியாது, அந்த டயோடு இழுத்துப் பிடிச்சுக்கும். பச்சையில சரியா 0.7 நிக்குது. சிவப்புல 11.3 வரைக்கும் ஏறியிருக்குன்னா, ஒண்ணு அந்த டயோடு ஜங்ஷன் அறுந்து ஓப்பன் ஆகியிருக்கணும், இல்லைன்னா எமிட்டர் கிரவுண்டுல இல்ல. டிரான்சிஸ்டரை மாத்தியாச்சு. எமிட்டரே 10.9 காட்டுது. கிரவுண்டுன்னு நீங்க நம்பிட்டு இருக்கற இடம் கிரவுண்டு இல்ல.

அறுந்து தொங்கற எமிட்டர்ல 10.9 எப்படி வரும்னு கேப்பீங்க. கேக்கணும். அந்த மீட்டருக்குள்ள 1 மெகா ஓம் இருக்கு. நீங்க முனையை வச்ச உடனே எமிட்டருக்குக் கிரவுண்டு போக அந்த 1 மெகா ஓம் ஒரு வழியாயிருச்சு. 11 மைக்ரோ ஆம்பியர் மாதிரி ஓடியிருக்கும். மீட்டருக்கு அது போதும், எல்இடிக்குப் பத்தாது. அளக்கற மீட்டரும் சர்க்யூட்டுல ஒரு பார்ட்டுதான்.

இப்ப பிரெட்போர்டைத் திருப்பி, ஓரத்துல இருக்கற நீலக் கோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பாருங்க. 830 ஓட்டை போர்டு சிலதுல நட்ட நடுவுல கோடு ஒரு விரக்கடை விட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கும். கோடு விட்ட இடத்துல உள்ள இருக்கற தகடும் விட்டிருக்கும். உங்க மூணாவது ஸ்டேஜ் அந்தப் பக்கம். அடாப்டரைக் கழட்டிட்டு மீட்டரை, இணைப்பு இருந்தா சத்தம் போடற பீப் மோடுல வச்சு ரெண்டு பாதியையும் தொடுங்க, சத்தம் வராது. நடுவுல ஒரு துண்டு வயர் போடுங்க, எரியும்.

பதில்: பாலிடெக்னிக் வாத்தியார்

மேலே நண்பர் சொன்னது சரியான முறை. அதில் ஒரு படி முன்னால் போகச் சொல்வேன். அளப்பதற்கு முன்பே, என்ன வரவேண்டும் என்று தாளில் எழுதிவிடுங்கள். எழுதாமல் அளந்தால் எந்த எண் வந்தாலும் சரியாகத்தான் தோன்றும். 11.3 வந்தபோது உங்களுக்கு உறுத்தாமல் போனதற்கு அதுதான் காரணம்.

பச்சை ஸ்டேஜையே எடுத்துக்கொள்வோம். எல்இடிக்கு ஏறத்தாழ 2 வோல்ட், டிரான்சிஸ்டருக்கு 0.1 போனால் 1கே-வின் குறுக்கே 9.9 வோல்ட். ஆகவே 9.9 மில்லி ஆம்பியர். இதைத் தாங்க பேஸுக்கு எவ்வளவு வேண்டும்? பிசி547-க்கு டேட்டாஷீட்டில் குறைந்தபட்ச எச்எஃப்இ (பேஸ் கரண்டைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்ற எண்) 110 என்று இருக்கும். 9.9ஐ 110-ஆல் வகுத்தால் 0.09 மில்லி ஆம்பியர். உங்கள் பக்கெட் அதைக் கொடுக்கிறதா?

தண்ணீரின் ரெசிஸ்டன்ஸை ஓம் ரேஞ்சில் நேராக அளக்கப் பார்க்காதீர்கள். எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும், வயரின் மேல் நடக்கும் வேதிவினை அது. அதற்குப் பதில் சர்க்யூட் ஓடும்போது 10கே-வின் இரு முனைக்கும் குறுக்கே வோல்டேஜ் அளங்கள். உதாரணமாக 1.9 வோல்ட் வந்தால் கரண்ட் 0.19 மில்லி ஆம்பியர். தேவையைவிட இரண்டு மடங்கு, எனவே டிரான்சிஸ்டர் முழுதாக ஆன். மீதி 9.4 வோல்ட் தண்ணீரில் இறங்குகிறது, ஆகவே தண்ணீர் ஏறத்தாழ 50கே. போர் தண்ணீருக்கு ஒரு எண் வரும், ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினால் வேறு எண் வரும். செய்து பாருங்கள். கிர்ச்சாஃப் விதியை நான் வகுப்பில் போர்டில் எழுதினால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பக்கெட்டில் பார்த்தால் மறக்காது.

மற்றபடி, சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்க ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர் இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். எல்டிஸ்பைஸ் இன்னொரு சிமுலேட்டர், இலவசம். சர்க்யூட்டை முதலில் அதில் ஓட்டிவிட்டுப் பிறகு கையில் செய்வது நல்லது.

கணபதி ஸ்டெபிலைசர்

கணக்கு அருமைங்க சார், அந்த 10கே குறுக்கே அளக்கற வழியை நானும் பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறேன். சிமுலேட்டர் மட்டும் எனக்கு ஒத்துவரல. அதுல நீலக் கோடு நடுவுல விடாது, ஓட்டை லூசாகாது, கிரவுண்டு அறுந்து போகாது. இந்தத் தம்பியோட சர்க்யூட்டை அதுல போட்டா மூணு எல்இடியும் ஜம்முனு எரிஞ்சிருக்கும்.

பாலிடெக்னிக் வாத்தியார்

உண்மைதான். ஆனால் சிமுலேட்டரில் எரிந்து கையில் எரியவில்லை என்றால், கோளாறு சர்க்யூட்டில் இல்லை, இணைப்பில் இருக்கிறது என்று அப்போதே பாதித் தேடல் குறைந்துவிடுமே.

பதில்: மதுரை மின்மினி

நான் ஃபைனல் இயர் இசிஇ. தம்பி, முதல்ல லேப் விஷயத்தைச் சரி பண்ணு. அப்சர்வேஷன் நான் எழுதறேன், ஆனா இந்த எக்ஸ்பெரிமென்டுக்கு வயர் குத்தறது நான்னு பேட்ச்ல ஒரு டீல் போடு. கையெழுத்து நல்லா இருக்கறவனை விட மாட்டாங்க, உன் கைதான் ஓங்கியிருக்கு. அப்புறம் லேப் அசிஸ்டன்ட் அண்ணாகிட்ட நல்லாப் பழகு. எங்க காலேஜ்ல சாயங்காலம் கிளப் பேரைச் சொல்லிக் கேட்டா சிஆர்ஓ (அலை வடிவத்தைத் திரையில காட்டற கருவி), ஃபங்ஷன் ஜெனரேட்டர் எல்லாம் எடுத்துக் குடுப்பாங்க. புரொஃபசருக்குக்கூடத் தெரியாது எந்த புரோப் வேலை செய்யும்னு, அவங்களுக்குத் தெரியும்.

வாங்கறதைப் பத்தி. 37 சென்சார் கிட்டுன்னு ஒரு டப்பா விப்பாங்க, வாங்காதே. அதுல பாதிக்கு மேல நீ தொடக்கூட மாட்ட. ரெசிஸ்டர்ல 220, 330, 1கே, 4.7கே, 10கே, 68கே, 100கே, ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கூடவே வாங்கு. கால்வாட் போதும். நீல உடம்பு மெட்டல் ஃபிலிம்ல அஞ்சு பட்டை இருக்கும், எந்தப் பக்கம் ஆரம்பம்னே புரியாது, மீட்டர்ல வச்சுப் பாத்துக்கோ. கெப்பாசிட்டர்ல 104ன்னு எழுதின குட்டி டிஸ்க், அது 0.1 மைக்ரோ. எலக்ட்ரோலிட்டிக் 10, 100, 1000 மைக்ரோ. அதுல கோடு போட்ட பக்கம் நெகட்டிவ், மாத்திப் போட்டா வெடிக்கும், சும்மா பயமுறுத்தல. பிசி547, பிசி557 டிரான்சிஸ்டர், 1என்4007 டயோடு, 555 டைமர் ஐசி, எல்எம்358 ஆப்-ஆம்ப் ஐசி, 7805 வோல்டேஜ் ரெகுலேட்டர் ஐசி. இதெல்லாம் சேத்தும் மீட்டர், நல்ல பிரெட்போர்டு, 25 வாட் அயன், ஈயம்னு உன் பட்ஜெட்டுக்குள்ள அடக்கிடலாம்.

சென்னை பக்கம் போனா மவுண்ட் ரோடு ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒரு தடவை சுத்திப் பாரு. ஞாயித்துக்கிழமை போகாதே, பெரும்பாலான கடை பூட்டியிருக்கும். போகும்போது பார்ட் நம்பரைத் தாள்ல எழுதிட்டுப் போ. "டிரான்சிஸ்டர் வேணும்"னு நின்னா கடைக்காரர் உன்னைப் பாக்கக்கூட மாட்டார், "பிசி547 இருபது, 1கே ஐம்பது"ன்னு சொன்னா மறுபேச்சு இல்லாம எண்ணிப் போடுவார். ஃபைனல் இயர் பிராஜெக்டை ரிப்போர்ட்டோட ரெடிமேடா விக்கிற இடங்களும் கண்ணுல படும். எங்க பேட்ச்ல அப்படி வாங்கினவங்க வைவாவுல "இந்த ரெசிஸ்டர் எதுக்கு?"ன்னு கேட்டதும் நின்ன நிலையை நான் பாத்திருக்கேன்.

555 வந்ததும் ஒண்ணு பண்ணு. ஆர்1 1கே, ஆர்2 68கே, சி 10 மைக்ரோ போட்டு எல்இடியை மினுக்க வை. 1.44ஐ (ஆர்1 + 2ஆர்2) × சி-யால வகுத்தா கிட்டத்தட்ட 1 ஹெர்ட்ஸ் வரும். அப்புறம் போன் ஸ்டாப்வாட்ச் வச்சு எண்ணு. கணக்குல இருக்கற அளவு வராது, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரோட டாலரன்ஸ் 20 சதவீதம் வரைக்கும் இருக்கும். புரோகிராமே இல்லாம மினுக்கறதைப் பாத்தப்புறம் ஆர்டுயினோவைத் திரும்ப எடு, அதை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். ஆனா அதோட பின்ல 20 மில்லி ஆம்பியருக்கு மேல இழுக்காதே. 5 வோல்ட் ரிலே (காந்தச் சுருளால மாறற சுவிட்ச்) காயில் 70 ஓம்தான், அதாவது 70 மில்லி ஆம்பியர். பின்னுல நேராக் குடுக்கக் கூடாது, நடுவுல உன் பிசி547 வேணும், காயிலுக்குக் குறுக்கே 1என்4007 தலைகீழா வேணும்.

சேலத்துப் பையன்

அண்ணா, எரிந்துவிட்டது! கோடு நிஜமாகவே நடுவில் விட்டிருந்தது. இத்தனை நாள் அதைப் பிரிண்டிங் கோளாறு என்று நினைத்திருந்தேன். வாத்தியார் சார் சொன்னபடி 10கே குறுக்கே அளந்தேன், 2.3 வோல்ட் வந்தது. தண்ணீர் 39கே என்று கணக்கு வருகிறது. மெஸ்ஸில் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து ஊற்றினால் எல்இடி மங்கலாகத்தான் எரிகிறது. அக்கா, லிஸ்ட்டை எழுதி வைத்துக்கொண்டேன்.

புதிதாக ஒன்று. இன்று முழுக்க ஓடவிட்டேன். பக்கெட் அடியில் இருக்கிற பாசிட்டிவ் செம்பு வயர் கறுத்து, தண்ணீர் லேசாகப் பச்சையாகத் தெரிகிறது. மற்ற மூன்று வயரிலும் குட்டிக் குட்டிக் குமிழி. இது சரியா? இப்படியே தொட்டியில் போடலாமா? இதற்கு மேல் என்ன செய்து பழகலாம்? சிஆர்ஓ ஒன்று வாங்க வேண்டியிருக்குமா?

கணபதி ஸ்டெபிலைசர்

தொட்டியில இப்படியே போடாதீங்க, வீட்டுல குடிக்கிற தண்ணி. பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில வந்த எலக்ட்ராலிசிஸ்தான் இது. பாசிட்டிவ் பக்கம் செம்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள போகுது, நெகட்டிவ் பக்கம் ஹைட்ரஜன் குமிழி விடுது. டிசி குடுத்துட்டே இருந்தா கொஞ்ச நாள்ல வயரே இருக்காது. செம்பை எடுத்துட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்க. அதுவும் நாள் முழுக்க சப்ளையில இருக்க வேண்டாம். ஒரு புஷ் பட்டன் வச்சு, அப்பா அமுக்கினா மட்டும் 12 வோல்ட் போற மாதிரி பண்ணிருங்க. தானாவே காட்டணும்னா அப்புறமா அந்த 555-ஐ வச்சு அப்பப்ப மட்டும் சப்ளை குடுக்கற மாதிரி மாத்தலாம்.

அடுத்தது 7805. அடாப்டர் 12 வோல்ட்டை 5 ஆக்குங்க. உள்ளேயும் வெளியேயும் ஒவ்வொரு 104, காலுக்கு ஒட்டி. வெளியே 47 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் போட்டா 106 மில்லி ஆம்பியர் போகும். மிச்சம் 7 வோல்ட்டை ஐசி தான் தின்னணும், முக்கால் வாட் சூடு. டேட்டாஷீட்டுல ஹீட் சிங்க் இல்லாம ஒரு வாட்டுக்கு 65 டிகிரி ஏறும்னு போட்டிருப்பான். வாத்தியார் சொன்ன மாதிரி முதல்ல கணக்குப் போட்டு எழுதிட்டு, அப்புறம் விரல் நுனியால லேசாத் தொட்டுப் பாருங்க. அடுத்து 47-ஐ எடுத்துட்டு 15 ஓம் 5 வாட் போடுங்க. 2.3 வாட் சூடு. கொஞ்ச நேரத்துல 5 வோல்ட் தானா இறங்க ஆரம்பிக்கும், ஐசி தன்னைத்தானே காப்பாத்திக்குது. அதைத் தொடாதீங்க. அலுமினியத் தகடு ஒண்ணை ஸ்குரூ போட்டு மாட்டினா என்ன ஆகுதுன்னும் பாருங்க. ஒரு சாயங்காலம் இதுல போனா பவர் சப்ளைன்னா என்னன்னு கைக்கே தெரிஞ்சிரும்.

ஆர்வத்துல பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி), கொசு பேட் இதெல்லாம் பிரிச்சுப் பாக்க வேண்டாம். 230 ஏசியை நேரா ரெக்டிஃபை பண்ணினா 325 வோல்ட் டிசி, பிளக்கைப் பிடுங்கினப்புறமும் கெப்பாசிட்டர்ல நிக்கும். ஹாஸ்டல் ரூம்ல தனியா உக்காந்து பழகற விஷயம் இல்ல அது. சிஆர்ஓ இப்ப வாங்காதீங்க, காலேஜ்ல இருக்கறதை அந்தப் பாப்பா சொன்ன மாதிரி கேட்டு வாங்கி ஓட்டுங்க.

தொட்டிக்கு மாட்டறதுக்கு முன்னாடி சர்க்யூட்டை டாட் போர்டுக்கு (பார்ட்டை ஈயம் வச்சு நிரந்தரமா ஒட்டற ஓட்டை போர்டு) மாத்தணும், பிரெட்போர்டு மொட்டை மாடி வெயிலுக்கு நிக்காது. அயன் நுனியைக் காலும் பேடும் சேர்ற இடத்துல வச்சு ரெண்டையும் சூடாக்கி, ஈயத்தை அங்கதான் காட்டணும், அயன் நுனியில உருக்கிக் கொண்டாந்து அப்பக் கூடாது. அப்பினா வெளியே பாக்கக் குண்டா அழகா இருக்கும், உள்ள ஒட்டியிருக்காது. டிரை சோல்டர். எங்க பட்டறைக்கு வர்ற போர்டுல பாதி அதுதான். ரெண்டு மூணு செகண்டுக்குள்ள பளபளன்னு பரவிரணும். ஊதி ஆற வைக்காதீங்க, காலை ஆட்டாதீங்க.

சோல்டர் பண்ணும்போது போர்டைக் கவுத்துப் பிடிப்பீங்க, அப்ப இடது வலது மாறிரும். கலெக்டர் இருந்த இடத்துல எமிட்டர் வந்து நிக்கும். அதனால டிரான்சிஸ்டரைச் செருகின உடனே, ஈயம் வைக்கறதுக்கு முன்னாடி, பின்பக்கம் மார்க்கர்ல எமிட்டர் காலுக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சிருங்க. முடிச்சதும் சப்ளை குடுக்காம பீப் மோடுல பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் ஷார்ட் இருக்கான்னு ஒரு தடவை பாத்துட்டு, ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து இங்க போடுங்க.